என்ஜினம்மாவின் கப்பலுக்குப் புது எந்திரம்

அந்தத் தெருவில் யார் வீட்டு இஸ்திரிப் பெட்டி மக்கர் செய்தாலும், யார் வீட்டு டேபிள் ஃபேன் கழுத்தைத் திருப்ப மறுத்தாலும், அது முதலில் வந்து இறங்குவது என்ஜினம்மா வீட்டு வாசலில்தான். என்ஜினம்மாவுக்கோ பல்பு மாட்டக்கூட வராது. ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, வலப்பக்கம் திருகுவதா இடப்பக்கம் திருகுவதா என்று கணவரைக் கூப்பிட்டுக் கேட்கிற ஆள். ஆனால் ஆறேழு வருஷமாக வாரா வாரம் தொலைக்காட்சியில் ஒரு விண்கப்பலின் தலைமைப் பொறியாளராக அவர் வந்துகொண்டிருந்தார். சாம்பல் நிறச் சட்டையும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக, வெடிக்கப்போகிற கப்பலை வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அப்படிப்பட்டவருக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி எம்மாத்திரம் என்று தெரு நினைத்ததில் தப்பே இல்லை.

நல்லவேளையாக அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். வாசலில் வாங்கி வைத்ததை அவர் சமையலறை மேடையில் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். மறுநாள் என்ஜினம்மா அதைத் திருப்பிக் கொடுப்பார். "உங்க கை பட்டாலே ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ரிப்பேர் பண்றது நானு, பேர் வாங்குறது நீ" என்பார் கணவர், ஸ்குரூவையெல்லாம் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டே.

"நடிக்கிறதும் ஒரு வேலைதாங்க" என்பார் அவர்.

நடிப்புக்கு அவர் வந்ததே தற்செயல்தான். அதற்கு முன் ஒரு பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எது ரத்து என்பதையெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே போவார். தாமதமான ஒரு வண்டிக்காகக் காத்துக்கிடந்த இளம் இயக்குநர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுக் கூண்டைத் தேடி வந்தார். கையிலிருந்த ஒரு பக்கத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார். துடிப்புக் கற்றை, எதிர்நிறைக் கலம், மூன்றாம் நிலை அதிர்வு என்று என்னென்னவோ இருந்தது. என்ஜினம்மா அதை நடைமேடை எண்ணைச் சொல்வது மாதிரி கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "இதுல ஒரு வரிகூட எனக்குப் புரியல தம்பி" என்றார்.

"பரவாயில்லைக்கா. எழுதினவருக்கும் அப்படித்தான்" என்றார் இயக்குநர்.

எழுதினவர் அந்தத் தொடரின் கதாசிரியர். ஒல்லியான உயரமான மனிதர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே நாள் முழுக்கத் தேடுவார். கப்பலுக்கு ஒரு புதுக் கருவி வருகிறது என்றால் அவரிடம் அதற்கென்று ஒரு தடம் இருந்தது. முதலில் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்காருவார்கள். என்ஜினம்மா எழுந்து நின்று ஒரே மூச்சில் ஒரு பக்க விளக்கம் தருவார். கேப்டன் புருவத்தைச் சுருக்கி, "எளிமையாகச் சொல்லுங்கள்" என்பார். உடனே என்ஜினம்மா ஒரு பலூனையோ தட்டையோ எடுத்துக் காட்டி ஒரு வரியில் சொல்லிவிடுவார். அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றாது. பிறகு ஒரு சோதனை ஓட்டம் நடக்கும், அது ஊற்றிக்கொள்ளும். கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிரிகள் சூழ்ந்துகொண்டதும் அதே கருவி சமர்த்தாக வேலை செய்து கப்பலைக் காப்பாற்றும். அடுத்த வாரம் அப்படி ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள்.

பார்க்கிறவர்கள் மறக்கவில்லை. தெருமுனைக் காய்கறிக்கடை அம்மா ஒருநாள் தராசைப் பிடித்தபடியே கேட்டார்.

"போன வாரம் ஒரு பச்சை விளக்கு வந்துச்சே, மேல பட்டதும் காயமெல்லாம் ஆறிப்போச்சே, அது எங்கங்க போச்சு? இந்த வாரம் அந்த மாலுமி தம்பி உசிருக்குப் போராடுறான், டாக்டரம்மா பஞ்சைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க."

"பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கும்" என்று சமாளித்தார் என்ஜினம்மா.

"அதையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

என்ஜினம்மா இதைக் கதாசிரியரிடம் கொண்டுபோனார். அவர் பெருமூச்சு விட்டார். "எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தா கப்பலுக்கு ஆபத்தே வராதுக்கா. ஆபத்து வரலைன்னா நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

இப்படி ஓடிக்கொண்டிருந்த தொடரில் ஒரு வருஷம், எல்லாவற்றையும் புதுசாக்கிவிடலாம் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். பழைய என்ஜின் என்பது நீல விளக்கு ஓடும் ஒரு கண்ணாடிக் குழாய். பக்கத்திலேயே கைக்கு அடக்கமாகச் சிவப்பு லீவர் ஒன்று இருக்கும். என்ஜினம்மா அதை இழுத்தால் கப்பல் பாயும், தள்ளினால் நிற்கும். அதைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வளையத்தைச் செய்து நிறுத்தினார்கள். மோட்டாரில் அது மெல்லச் சுற்றும். லீவர் இருந்த இடத்தில் மொழுமொழுவென்று ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை மட்டும் இருந்தது. பெயர் மடிப்பு எந்திரம். வான்வெளியைத் துணி மாதிரி மடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே எட்டில் கப்பலைக் கொண்டுபோய்விடும்.

எந்திரத்தோடு கூடவே அதைக் கண்டுபிடித்த பேராசிரியரும் கப்பலேறினார். அந்த வேஷத்துக்கு மேடை நாடகத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் கணீர் ஐயா. புது எந்திரத்தைப் பற்றி அவருக்கு நாலு பக்க விளக்கம் எழுதப்பட்டிருந்தது. என்ஜினம்மா தன் பங்கைத் தேடித் தேடிப் பார்த்தார். நாலாம் பக்கத்தின் அடியில், "தலைமைப் பொறியாளர்: புரிந்தது" என்று இருந்தது. மூன்றாவது வாரக் கதையில் அவர் பழைய என்ஜினோடு ஒரு கிரகத்தில் இறங்கி ஓய்வெடுக்கப் போய்விடுகிறார்.

மேக்கப் போடுகிற பெண் புருவத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் என்ஜினம்மா அதைப் படித்தார். அப்படியே எழுந்துபோய்க் கதாசிரியர் முன்னால் நின்றார். ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

"அது வந்துக்கா" என்று ஆரம்பித்தார் கதாசிரியர். "புது என்ஜின் வந்துச்சுன்னா, பழைய என்ஜினும் அதோட பழைய..."

"பழைய ஆளும் கிளம்பணும். அதானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"நாலு பக்கம் எழுதுறவரு, ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு ஏன் சார் இப்படி முழுங்குறீங்க?"

கதாசிரியர் தலைமேல் இருந்த கண்ணாடியை மேசைமேல் தேட ஆரம்பித்தார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று என்ஜினம்மா திரும்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். "இத்தனை வருஷமா ஒண்ணும் புரியாம பக்கம் பக்கமா பேசினேன். இப்ப ஒண்ணுமே பேசாம புரிஞ்சதுன்னு சொல்லச் சொல்றாங்க."

கணவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமி முடிக்கும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என்ஜினம்மா, கடைசியில் தானும் சிரித்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் அந்தச் சிவப்பு லீவரை இனி இழுக்கப்போவதில்லை என்பதை நினைத்தால் என்னவோ போலிருந்தது. அது ஒரு மரக்கட்டை, பின்னால் எதனோடும் இணைப்பு கிடையாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"நாளைக்கு உனக்கு ஷூட்டிங் இல்லைல்ல? மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு என் சைட்டுக்கு வா" என்றார் கணவர். "புது லிப்ட் மாட்டியிருக்கோம். பார்த்தா உனக்கும் பொழுது போகும்."

அது பல மாடிகள் கொண்ட ஓர் அலுவலகக் கட்டடம். தரைத்தளத்தில் பளபளவென்று புது லிப்ட்டுகள் வரிசையாக நின்றன. எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பதை வெளியே இருக்கிற சின்னத் திரையிலேயே தொட்டுவிட வேண்டும். எந்த லிப்ட்டில் ஏறுவது என்று அது சொல்லும். உள்ளே பொத்தான் என்கிற பேச்சே கிடையாது.

கணவரும் மனைவியும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் உள்ளே போனார், சுவரைப் பார்த்தார், திடுக்கிட்டு வெளியே வந்துவிட்டார். இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"இதெல்லாம் பரவாயில்ல" என்றார் கணவர். "கூட்டிப் பெருக்கறாங்களே ஒரு அம்மா, அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வாளியை மட்டும் உள்ள வச்சு அனுப்பிட்டாங்க. அனுப்பிட்டுப் படியேறி ஓடிப்போய், வாளி வந்து சேர்ந்துச்சான்னு பார்த்தப்புறம்தான் அவங்க ஏறினாங்க."

"இது எப்படி ஓடுதுன்னு யாரும் கேக்கலையா?"

"ஒருத்தர் கேட்டார். நான் சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள லிப்ட் வந்துச்சு, ஏறிப் போயிட்டார்."

"வேற என்னதான் கேக்கறாங்க?"

"நடுவுல நின்னுட்டா யாரைக் கூப்பிடணும்? அது ஒண்ணைத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

கை கழுவிவிட்டு வந்து என்ஜினம்மா தானும் ஒருதரம் ஏறிப் பார்த்தார். பொத்தான் இல்லை என்று தெரிந்தும், கதவு மூடியதும் அவர் வலது கை தானாகச் சுவருக்குப் போனது. வெறும் தகடு சில்லென்று விரலில் பட்டது. அப்போதுதான் கவனித்தார், அந்த இடம் முழுக்க விரல் ரேகைகள். மற்ற சுவர்களெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, பழைய லிப்ட்டில் பொத்தான்கள் இருந்திருக்கக்கூடிய அந்த ஒரு சாண் இடம் மட்டும் மங்கிப்போயிருந்தது.

கீழே வந்ததும் கணவர் சொன்னார், "உன் கையும் அங்கதான் போச்சா? காலையிலேருந்து அந்த ஒரு இடத்தைத் தொடைச்சுத் தொடைச்சு எனக்குத் தோள் வலிக்குது."

அன்றைய பொழுது அப்படிக் கழிந்தது. என்ஜினம்மா அதைப் பெரிதாக நினைத்துக்கொள்ளவும் இல்லை.

ஷூட்டிங் அன்றைக்கு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. கணீர் ஐயா அதன் முன் நின்று பேச ஆரம்பித்தார். குறை சொல்ல முடியாத பேச்சு. ஏற்றம், இறக்கம், நிறுத்தம் எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருந்தன. முதல் பக்கம் முடிந்தபோது எல்லோரும் மெய்மறந்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் கால் மாற்றி நின்றார்கள். மூன்றாம் பக்கத்தில் கேப்டனாக நடிப்பவரின் இமை சொக்கியது. மாலுமி வாயைத் திறக்காமலே கொட்டாவி விட்டதில் அவர் காது அசைந்தது.

கறுப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற என்ஜினம்மா தன் ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருந்தார். அவரே அறியாமல் அவர் கை எழும்பி, சிவப்பு லீவர் இருந்த இடத்துக்குப் போய் மூடியது. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கணீர் ஐயா நாலாம் பக்கத்துக்கு மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில் அவர் வாய் முந்திக்கொண்டது.

"இது நடுவுல நின்னுட்டா என்ன பண்றது?"

கப்பலில் எல்லோரும் இலக்கணமாகத்தான் பேசுவது வழக்கம். வீட்டுத் தமிழ் அங்கே ஒலித்ததில் கேப்டன் முழித்துக்கொண்டுவிட்டார். ஆனால் கணீர் ஐயா ஆயிரம் மேடை பார்த்தவர். இமைகூடக் கொட்டாமல், "நிற்காது" என்றார்.

"அப்படிச் சொல்லித்தான் எல்லாத்தையும் கொண்டு வர்றாங்க."

கேமரா பிடித்தவர் குலுங்கிச் சிரித்ததில் படமும் குலுங்கிவிட்டது. இயக்குநர் காட்சியை நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, வாய் தவறி வந்துருச்சு" என்றார் என்ஜினம்மா. அதற்குள் கதாசிரியர் நாற்காலியை விட்டு இறங்கி வந்திருந்தார்.

"அக்கா, பேச்சை விடுங்க. அதுக்கு முன்னாடி உங்க கை எங்க போச்சு?"

"லீவர்கிட்ட."

"லீவர்தான் இல்லையே."

"அது எனக்குத் தெரியும் சார். கைக்குத் தெரியல."

பிறகு லிப்ட் விஷயத்தைச் சொன்னார். வாளியையும் சொன்னார், விரல் ரேகையையும் சொன்னார். கதாசிரியர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே தலைமேலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, அரை நாள் அவகாசம் வேண்டும் என்றார். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் கொடுத்தார்.

மத்தியானத்துக்குமேல் புதுப் பக்கங்கள் வந்தன. அதில் நீள மேசையே இல்லை. காட்சி தொடங்கும்போது எந்திரம் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. ஒரு மாலுமி கறுப்புப் பலகையின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஏனென்றால் கப்பலில் எல்லோர் கையும் பழைய லீவரைத் தேடி அங்கேதான் போகிறது. முதல் தடவை ஆளில்லாத ஒரு பெட்டியை மட்டும் மடித்து அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று தூரநோக்கியில் பார்க்கிறார்கள். கப்பல் கிளம்புமுன் டாக்டரம்மா கேட்பது ஒரே கேள்வி, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது. பிறகு கப்பல் பாதி மடிப்பில் நின்றே போகிறது.

"அப்ப ஐயாவோட விளக்கம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"நின்னப்புறம்தான் இது எப்படி ஓடுதுன்னு எல்லாரும் கேப்பாங்க. அங்க சொல்றார். அக்கா டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, அவர் வளையத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வேர்க்க விறுவிறுக்கச் சொல்றார். கொஞ்ச வரிதான்."

எல்லோருக்கும் பிடித்துப்போனது, கணீர் ஐயாவைத் தவிர. அவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். பூங்காவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்த நாலு பக்கம் காற்றோடு போய்விட்டது. மனப்பாடத்தின் வலி என்ஜினம்மாவுக்குத் தெரியாதா? டீ இடைவேளையில் டம்ளரோடு அவரிடம் போனார்.

"ஐயா, அந்த நாலு பக்கத்தையும் ஒரு தடவை எங்களுக்காக முழுசா சொல்லுங்களேன்."

"எதுக்கும்மா? அதான் வேண்டாம்னு ஆயிருச்சே."

"கேமராவுக்கு வேண்டாம். எங்களுக்கு வேணும்."

கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு அவர் மரப்பெட்டிமேல் ஏறினார். தச்சர்கள், விளக்கு பிடிப்பவர்கள், துணி தைப்பவர்கள் எல்லோரும் டம்ளரும் கையுமாகக் கூடிவிட்டார்கள். நிற்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லாததாலோ என்னவோ, இப்போது யாருக்கும் கொட்டாவி வரவில்லை. வான்வெளியின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தை அவர் சொன்னபோது மேக்கப் போடுகிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. இறங்கி வந்த கணீர் ஐயா, "புரிஞ்சதாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு வரிகூடப் புரியல ஐயா. ஆனா நாள் பூரா கேக்கலாம் போல இருந்துச்சு."

அவருக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு மிச்சக் காட்சிகளை உற்சாகமாக நடித்துக் கொடுத்தார். வளையத்துக்குள் தலையை விட்டபோது நிஜமாகவே காது மாட்டிக்கொண்டதைக்கூடச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் என்ஜினம்மா கிரகத்தில் இறங்கவில்லை. "உங்களை இறக்கிவிட்டா அந்த மெஷினைச் சந்தேகப்பட ஆளே இருக்காதுக்கா" என்று கதாசிரியர் அந்தக் காட்சியை அடித்துவிட்டார். மடிப்பு எந்திரமும் மறக்கப்படவில்லை. ரொம்பத் தூரம் போனால் அது சூடாகும். சூடானால் ஒரு வாசனை வரும். வாசனை வந்தால் என்ஜினம்மா வீட்டுத் தமிழிலேயே, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார். பேராசிரியர் தட்டிக்கழிப்பார். அவர்கள் இருவரும் சண்டை போடுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. தெருவில் இரண்டு கட்சி கிளம்பியது. பழைய நீலக் குழாய்தான் நம்பகமானது என்றது ஒன்று. காலத்துக்குத் தக்கபடி மாற வேண்டாமா என்றது மற்றொன்று. உலகத்தில் எங்குமே இல்லாத இரண்டு என்ஜின்களுக்காகச் சலூனில் பாதி முகச் சவரத்தோடு ஒருவர் எழுந்து நின்று வாதாடினார் என்று கேள்விப்பட்டபோது கதாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

கணவரைச் செட்டுக்குக் கூட்டிவாருங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரு விடுமுறை நாளில் லிப்ட் மெக்கானிக் வந்தார். வளையத்தை ஒருதரம் சுற்றிவந்து பார்த்து, "ம்" என்றார். ஆனால் கப்பலின் தானியங்கிக் கதவைப் பார்த்ததும்தான் ஆடிப்போய்விட்டார். டிவியில் ஆள் கிட்டே வந்தாலே சர்ரென்று விலகுகிற அந்தக் கதவை, பின்னாலிருந்து இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது, இவ்வளவு பெரிய கப்பலுக்குக் கயிறா?" என்று கேட்டவர், அடுத்த விடுமுறைக்கு ஒரு பழைய மோட்டாரும் ஆள் வருவதைக் கண்டுகொள்கிற மின்கண்ணுமாக வந்து கதவில் பொருத்திக் கொடுத்தார். கதவு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. ஆனால் அது மரியாதை தெரிந்த கதவாகிவிட்டது. நிதானமாகத் திறந்தது, அதைவிட நிதானமாக மூடியது. தீப்பிடித்த அறையிலிருந்து ஓடிவந்த கேப்டன் கதவு முன் வந்து நின்று, அது திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணீர் ஐயாவின் நீள அங்கியின் நுனி வாசலில் கிடந்ததால், அவர் கோபித்துக்கொண்டு வெளியேறுகிற காட்சியில் கதவு மூடப்போவதும் மனசு மாறித் திறப்பதுமாக இருந்தது. அவர் மூன்றாவது தடவையும் கோபித்துக்கொண்டு போனபோது இயக்குநர், "அந்தக் கயிறு எங்க இருக்கு?" என்றார்.

லிப்ட் மெக்கானிக்குக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. தான் மாட்டியதைத் தானே கழற்றி வைத்துவிட்டு, கயிறு இழுக்கிறவர்களில் ஒருவரை டீ குடிக்க அனுப்பினார். அடுத்த காட்சியில் என்ஜினம்மா கையில் ஒரு பெட்டியோடு விறுவிறுவென்று வர, இந்தப் பக்கம் கதவை இழுத்தது அவர்தான்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கணவர் கேட்டார், "சரியான நேரத்துக்கு இழுத்தேனா?"

என்ஜினம்மா முழங்கையைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம் லேட்டுங்க."